ரோசிக்குப் பதிலாகப் போனவள்

எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு எஸ்டேட் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் விபத்துப் பட்டியல் வந்தது. காயமடைந்தவர்கள் எட்டுப் பேர். இறந்தவர் ஒருவர்: ரோசி, ஐம்பத்து நாலு வயது. பெர்சி அதை மூன்று முறை படித்தாள். ரோசி அவளுடைய அம்மா.

அம்மா சாகவில்லை என்பது பெர்சிக்குத் தெரியும். அந்தப் பெயரில் காலையில் போனது யார் என்பதும் தெரியும்.

வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் இருக்கிறது ஏலமலை ரேடியோ. ரேடியோ என்றதும் கோபுரமும் ஒலிபரப்புக் கூடமும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஃபோனில் கேட்கிற இணைய வானொலி. இரண்டு கணினி, ஒரு மைக், சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள். அவ்வளவுதான் சொத்து. ஆனால் ஒன்பது மணித் தமிழ்ச் செய்தியைக் கேட்காத லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு, சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஏலக்காய் எடுக்கும் பெண்கள் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு, செடிக்கடியில் குந்தியபடியே கேட்பார்கள். செய்தியை எழுதுவது, வாசிப்பது, நேயர் விருப்பத்துக்குப் பாட்டு அடுக்குவது, நடுநடுவே இணையப் பக்கத்தில் செய்தி ஏற்றி எழுத்துப் பிழை பார்ப்பது எல்லாமே பெர்சிதான். ஆறு மாதம் தற்காலிகமாக ஓட்டிவிட்டு, போன மாதம்தான் அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அந்த உத்தரவை அம்மா நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

ஏழே காலுக்குப் பொன்னூற்று எஸ்டேட்டின் தொழிலாளர் ஜீப் மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் உருண்டது. ஏழரைக்குத் தகவல் வந்ததிலிருந்து பெர்சி அம்மாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"பெர்சி, பேரு வந்தில்லே?" உள்ளறையிலிருந்து ஜோமோன் சார் கத்தினார். இந்த ரேடியோவுக்கு ஆசிரியர், மேலாளர், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறவர் எல்லாம் அவரே. கட்டப்பனைக்காரர். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். "மற்றவன்மார் ஃபோட்டோவோட போட்டாச்சு. நம்மள் மட்டும் பாக்கி. வேகம் போடு!"

மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாக் குற்றத்துக்கும் சாக்கு. முதலில் போட்டவன் கெட்டிக்காரன், சரியாகப் போட்டவன் சோம்பேறி.  பெர்சி இன்னொரு முறை அம்மாவுக்கு அடித்தாள்.

இந்த முறை அம்மா எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கூப்பிடாத, பெர்சி. பேசக்கூடாதுன்னு சூப்பர்வைசரு காளிச்சாமி சொல்லிட்டுப் போயிருக்காரு. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கேன்."

"அம்மா, முத்துப்பேச்சியக்கா..."

"போயிட்டா. போயிட்டாடி. எம் பேருல போயி செத்துட்டா."

அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். எஸ்டேட்டில் நிரந்தர ஆளுக்கு வருகை விடுபட்டால் வருடக் கடைசியில் போனஸில் பெரிய அடி. அதற்கு லயத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி, ஆள் மாற்றி அனுப்புவது. நிரந்தரக்காரி படுத்துவிட்டால், வேலை கிடைக்காத ஒருத்தி அவளுடைய வேலை அட்டையை வாங்கிக்கொண்டு அவள் பெயரில் போவாள். சூப்பர்வைசர் காளிச்சாமிக்கு எல்லாம் தெரியும். கண்டும் காணாமலும் இருப்பார், ஆள்கணக்கு சரியாக இருந்தால் அவருக்குப் போதும். ஆனால் எஸ்டேட் விதியில் அதற்கு ஒரே தண்டனைதான்: சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்புவது. சீட்டுப் போனால் லயத்து வீடும் போகும். அப்பா சூசையப்பன் இறந்தபிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் அந்த ஒன்றரை அறையை விட்டால் மலையில் வேறு கூரை கிடையாது.

அன்று காலை ஆறு மணிக்கு முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றாள். எதிர் லயத்துக்காரி, புருஷன் இல்லாதவள், ஒரே மகள் செல்வலட்சுமி. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. பெர்சிதான் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து முத்துப்பேச்சியின் கையில் கொடுத்தாள். காப்பியும் கொடுத்தாள். "ரேடியோக்காரம்மா கையால காப்பி" என்று முத்துப்பேச்சி சிரித்துவிட்டுப் போனாள். ஜீப்புக்கடியிலிருந்து எடுத்தபோது அந்த அட்டை அவளுடைய ரவிக்கைக்குள் இருந்திருக்கிறது.

"செல்வலட்சுமிக்குத் தெரியுமாம்மா?"

"அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. பத்தரைக்கு மேனேசரு அங்க வாராராம். ஏதோ பேப்பராம், அந்தப் புள்ளகிட்ட கையெழுத்து வாங்கணுமாம்." அம்மா இருமினாள். "இவ வேலைக்குப் போனவ இல்ல, சும்மா வழியில கைகாட்டி ஏறுனவன்னு எழுதிருவாகளாம். அப்பத்தான் எனக்கு ஒண்ணும் வராதுன்னு காளிச்சாமி சொல்றாரு."

அவர் பாதியைத்தான் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் வராது, காளிச்சாமிக்கும் வராது. வேலைக்குப் போகும் வழியில் செத்த தொழிலாளிக்கு எஸ்டேட் நஷ்டஈடு கொடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும். கைகாட்டி ஏறியவளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. செல்வலட்சுமி ஒரு கையெழுத்துப் போட்டால் அவளுக்கு அம்மாவும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.  பெர்சிக்கு அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தாலே தன்மேல் அருவருப்பு இன்னொரு பக்கம்.

எட்டு ஐம்பதுக்கு ஃபோன் மறுபடி ஒலித்தது. எஸ்டேட் ஆபீசின் இரண்டாவது செய்தி. 'திருத்தம்: இறந்தவர் முத்துப்பேச்சி, வயது 41. தொழிலாளி அல்ல. வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவர். முந்தைய பட்டியலில் பெயர் தவறுதலாக இடம்பெற்றது.'

ஜோமோன் சாருக்கும் அது போயிருந்தது. ஃபோனும் கையுமாக வெளியே வந்தார். "கிட்டியல்லோ! ஆபீசே திருத்தம் தந்நாச்சு. அது அப்படியே எடுத்து ஏத்து. ஒன்பதுக்கு வாசிச்சிடு."

என்ன சௌகரியம். பெயர் சரி, வயது சரி. எஸ்டேட்டே கொடுத்தது, நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. அம்மாவுக்கு வீடு தங்கும். பெர்சி செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வரியை வெட்டி ஒட்டுவது. அவள் விரல் விசைப்பலகையில் இருந்தது. அமுக்கவில்லை.

"சார், இது பொய்."

"எந்து பொய்?"

"முத்துப்பேச்சியக்கா கைகாட்டி ஏறல. வேலைக்குத்தான் போனாங்க. எங்கம்மா பேர்ல போனாங்க. முதல் பட்டியல்ல இருக்கற ரோசி எங்கம்மா."

ஜோமோன் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்களும் ஆதாரம் கேட்பார்கள்.

"ஆர் பறஞ்சது? சோர்ஸ் வேணும் பெர்சி. எஸ்டேட்காரன் எழுதித் தந்நிருக்கான். எதிரா நம்ம கையில் எந்துண்டு? காளிச்சாமி பேசுமா?"

"பேச மாட்டார்."

"அம்ம பேசுமா?"

பெர்சி கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

"அம்ம ஒரு வார்த்தை சொன்னால் நான் போடும். இல்லைன்னா எஸ்டேட் சொன்னதுதான் போடும். எனக்கு வேற வழியில்லை. வேணும்னால் நீ வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கும், நீ வீட்டுக்குப் போ." அவர் எழுந்தார். "ஏழு நிமிஷம் இருக்கு."

பெர்சி மறுபடி அம்மாவுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, ரேடியோவுக்காகக் கேக்கேன். உனக்குப் பதிலாத்தான் முத்துப்பேச்சியக்கா போனாங்கன்னு நீ சொல்லணும். நான் உம்பேரு சொல்லி வாசிப்பேன்."



"கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? சர்வீசு முடிய இன்னும் நாலே வருசம். சாமான் செட்டத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? ரோட்டுலயா நிக்கச் சொல்ற?"

"செல்வலட்சுமி நிக்காம்மா ரோட்டுல."

"எனக்குத் தெரியாதா? நான் அழலையா? காலையிலேருந்து மாதாகிட்ட என்ன கேக்குறேன்னு ஒனக்குத் தெரியுமா?" அம்மாவின் குரல் உடைந்தது. "வேணாம் பெர்சி. ஒன்னயப் படிக்க வச்ச பாவத்துக்கு எந்தலையிலயே மண்ணப் போடாத. நான் சொல்ல மாட்டேன். அம்புட்டுத்தான்."

வைத்துவிட்டாள்.

எட்டு ஐம்பத்தாறு. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோமோன் சார் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எஸ்டேட் திருத்தத்தை அச்சுக்குக் கொடுத்திருந்தார். அச்சு இயந்திரம் வழக்கம்போல் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. பெர்சிக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. அம்மா சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது மனுஷி என்னதான் செய்வாள்? அழுகை வந்தது. அழ நேரமில்லை என்பதால் கோபம் வந்தது.

பட்டென்று ஒன்று உறைத்தது. சோர்ஸ் வேண்டும் என்கிறார் சார். அம்மாவிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அட்டையை எடுத்துக் கொடுத்தது யார்? காப்பி கொடுத்து அனுப்பியது யார்?

அவள் ஒலிப்பதிவு அறைக் கதவைத் தள்ளினாள். "சார், சோர்ஸ் நான். நேர்ல பாத்தது நான். அட்டையக் குடுத்ததே நான்தான்."

ஜோமோன் சார் நிமிர்ந்து பார்த்தார். "அம்ம சம்மதிச்சோ?"

"இல்ல."

"வீடு போகும், பெர்சி."

"போகும்."

"நீயும் மாட்டும். அட்டை கொடுத்தது குற்றம்தான்."

"தெரியும், சார்."

 அவர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "எஸ்டேட் சொல்றதும் சேர்த்து வாசிக்கணும். ரண்டும் வேணும். சொந்தக் காரியம்னு ஒளிக்கக் கூடாது."

"ஒளிக்கல."

எழுத நேரமிருக்கவில்லை. ஒன்பது மணிக்கு இசை ஓடி அடங்கியது. பெர்சி ஆரம்பித்தாள்.

"வணக்கம். ஏலமலை ரேடியோ, ஒன்பது மணிச் செய்திகள். பொன்னூற்று எஸ்டேட்டின் தொழிலாளர் ஜீப் இன்று காலை கவிழ்ந்ததில் எட்டுப் பேர் காயமடைந்தனர். ஒருவர் உயிரிழந்தார். அவர் பெயர் முத்துப்பேச்சி, வயது நாற்பத்தொன்று. வழியில் ஏறியவர் என்றும், தொழிலாளி அல்ல என்றும் எஸ்டேட் நிர்வாகம் தெரிவித்துள்ளது. ஆனால் முத்துப்பேச்சி இன்று ஏலக்காய் எடுக்கும் வேலைக்காகவே அந்த ஜீப்பில் சென்றார். காய்ச்சலில் இருந்த ரோசி என்ற நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக, அவருடைய அட்டையுடன் சென்றார். இன்று காலை ஆறு மணிக்கு அந்த அட்டையை முத்துப்பேச்சியிடம் கொடுத்தவர் ரோசியின் மகள் பெர்சி. இந்தச் செய்தியை வாசிப்பவரும் அவரே."

அதற்குப்பின் மழை நிலவரம் வாசித்தாள், ஏல விலை வாசித்தாள். எதுவும் அவள் காதில் விழவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஜோமோன் சார் தண்ணீர் கொடுத்தார். எஸ்டேட் ஆபீஸ் எண் விடாமல் அடித்தது. அதை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "ஆமா, எழுதித் தாங்க, அதையும் வாசிக்கும்" என்று அவர் சொல்வது கேட்டது.

ஒன்பது இருபதுக்கு அம்மா கூப்பிட்டாள். பெர்சி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அம்மா திட்டினால் கேட்டுக்கொள்வதென்று இருந்தாள். அந்தப் பக்கம் யாரோ கதவை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காளிச்சாமி," என்றாள் அம்மா. "தட்டட்டும்."

"அம்மா..."

"பத்து மணிக்கு இதையே திரும்ப வாசிப்பியா?"

"வாசிப்பேன்."

தட்டும் சத்தம் பலமானது. அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"அவ பேர வெரசாச் சொல்லிட்ட. ஆஸ்பத்திரியில அந்தப் புள்ள கேட்டுக்கிட்டிருக்கும். நிறுத்திச் சொல்லு."