விசாரிக்க வந்தவர்

போலீஸ் அறிக்கை பாதகமாக வந்திருக்கிறது, விளக்கம் தர வேண்டும் என்று பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஜூன் பத்தாம் தேதி எனக்கு ஜெர்மனியில் வகுப்பு. நாலு வாரம் மண்ணியல் படிப்பு, பிறகு ரெண்டு வாரம் ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைகளைப் பார்ப்பது. மே ஐந்தாம் தேதி சென்னையில் விசாவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கையில் பாஸ்போர்ட் இல்லையென்றால் என் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு ஃபைலைப் புரட்டினார்.

"பேரு அருணாதேவி. வேங்கிக்கால். நீதானே? வீட்டுல தங்கறதே இல்லியாம். எப்ப போவுது எப்ப வருதுன்னு தெரியாதாம். யாரோ பையன் கூட வண்டில சுத்துதாம். இன்னும் படிக்கட்டுமா?"

"யார் சார் சொன்னது?"

"அக்கம்பக்கத்துல விசாரிச்சதுதான். பேரெல்லாம் சொல்ல மாட்டோம். பக்கத்துல இருக்கறவங்க யாரையாச்சும் கூட்டினு வந்து எழுதிக் குடு. திரும்ப அனுப்பிப் பாக்கறேன்."

பேர் சொல்லத் தேவையே இல்லை. தை மாதம் செங்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் சித்தப்பா அப்பாதுரை. அந்தப் பேச்சு பாதியில் நின்றதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேராக அவருடைய உரக்கடைக்குப் போனேன். இரண்டு பேர் மூட்டை வாங்க நின்றிருந்தார்கள். நிற்கட்டும் என்று கேட்டேன்.

"என்னைப் பத்தி போலீஸ்ல அசிங்கமா சொன்னது நீங்கதானே சித்தப்பா?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏன்டி, படிச்சவதானே நீ? உன்னைக் கட்டிக் குடுக்கணும்னு அலையறவன் நான். உன் பேரைக் கெடுத்தா எவன்டி வருவான்? யோசிச்சிட்டு வந்து கத்து."

யோசித்தேன். சரியாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்படியானால் யார்? வீட்டுக்குள் போனதும் அப்பாவைப் பார்த்தேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை அவர். ஒரு மாதமாக அதே முகம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதில்கூட ஏதோ இருப்பதாகப் பட்டது. தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லாருமே சொல்லியிருக்கக்கூடியவர்கள்தான்.

மிச்சம் எதிர்வீட்டு சந்திரம்மாள் அக்கா ஒருத்திதான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறாள். என் பக்கம் நிற்கிற ஒரே ஆள். சாட்சிக்குக் கூப்பிடப் போனேன்.

"அக்கா, என்னைப் பத்தி யாராச்சும் விசாரிக்க வந்தாங்களா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வந்தானே! செவ்வாக்கெழமை. வெள்ளச் சட்டை, பெரிய வண்டி. பொண்ணு எப்படி, எங்க போவுது, கூட யார் யார் பழக்கம்னு நோண்டி நோண்டிக் கேட்டான். பாத்தவொடனே புரிஞ்சிடுச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளு. விட்டேன் பாரு! தலையத் தூக்காம எழுதிக்கினான்."

"எழுதிக்கினானா?"

"ஆமா, நோட்டுல. இந்தக் காலத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரன் எழுதி வேற எடுத்துக்கறான்!"

"அக்கா, அது போலீஸ். பாஸ்போர்ட்டுக்கு வந்தது."

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"போலீஸ்னா காக்கி போட்டுனு வர வேணாமா? தை மாசம் நீதானேடி என் கையைப் புடிச்சினு அழுத? எவன் விசாரிக்க வந்தாலும் ஏதாச்சும் சொல்லித் தொரத்திடுக்கான்னு? செங்கத்தான தொரத்தினேன்ல? இவனையும் தொரத்தினேன்."

சொன்னேன்தான். சித்தப்பா கடையில் கத்தியது காதுக்குள் திரும்பக் கேட்டது.

மறுநாள் கடையை மூடிவிட்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்ன. இன்னிக்கு ஒண்ணு சொல்ற. எதும்மா பொய்?"

"அன்னிக்கு சொன்னது சார். அது மாப்பிள்ளை வீட்டுக்குன்னு சொன்னது."

"எங்களுக்குன்னா?"

"வாய் ஜாஸ்தி சார். மரியாதை கம்மி. படிப்பைத் தவிர எதுவும் தெரியாது."

"போனா திரும்பி வருமா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனக்கே தெரியாது.

"வரும் சார்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மே இரண்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் கையில் கவரோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்திரம்மாள் அக்கா.

"அருணாதேவியை எதுக்குத் தேடற? முதல்ல உன் கார்டைக் காட்டு."