இன்னொரு நரம்பு

உள்ளங்கைக்கு அடியில் டார்ச்சை வைத்து அழுத்தினால் பிள்ளையின் கை முழுக்கச் சிவந்து எரிகிறது, மாதுளை முத்தைப் போலச் சிவப்பு, அந்தச் சிவப்புக்குள்ளே கறுப்பாக ஒரு நூல், அதுதான் நரம்பு, ரத்தக்குழாய் என்று டாக்டர்கள் சொல்வார்கள், பிள்ளைகள் வார்டில் எங்களுக்கு அது நரம்புதான், அந்த நூல் எனக்கு ஒரு நாளும் தப்பியதில்லை, இருபத்திரண்டு வருஷமாக, பிறந்து எட்டு நாளான பிள்ளை, பேதியில் வற்றிச் சுருங்கிய பிள்ளை, கை முழுக்க ஏற்கெனவே குத்துப்பட்ட பிள்ளை, யாராலும் முடியாதபோது ஜெபக்கனி சிஸ்டர் வாசலில் வந்து நின்று கூப்பிடுவாள், எக்கா, நரம்பு கெடைக்க மாட்டேங்கு, செத்த வாங்களேன், நான் எழுந்து போவேன், போகும்போதே உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருக்கும், இல்லை என்று சொன்னால் பொய், பிள்ளையின் கையை என் கைக்குள் வாங்கிக்கொண்டு, ஒண்ணுமில்லடா ராசா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுதான், என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும், ட்ரிப் சொட்டத் தொடங்கியிருக்கும், ஆனால் இந்தப் பிள்ளையின் கையில் இப்போது இரண்டு நூல் தெரிகிறது, இரண்டும் நெளிகிறது, எது நரம்பு, எது என் கண் சொல்லும் பொய் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் நிலைக்கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது, வெந்நீர்கூட வைக்கவில்லையே என்று துடைக்கிறேன், போகவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன், முகத்தை இரண்டு தரம் கழுவுகிறேன், இடக்கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் ஆவி கண்ணாடியில் இல்லை, என் வலக்கண்ணில் என்று தெரிந்தது, வலி இல்லை, உறுத்தல் இல்லை, அழாத பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான், அழாத கண்ணை நான் பார்க்கவில்லை. நான்காம் நாள்தான் போனேன், அதுவும் எங்கள் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் இல்லை, தெரிந்தால் வார்டிலிருந்து எடுத்துச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு ஊர் தள்ளி பஸ் ஏறி, டாக்டர் பர்வீனிடம், அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார், நூற்றுத் தொண்ணூறு, கடைசியா எப்ப பாத்தீங்க சிஸ்டர், ஊருக்கெல்லாம் நான் பாக்கேன், எனக்கு யாரு பாக்கா டாக்டர் என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, என் கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார், சிவப்பு, அந்தச் சிவப்புக்குள்ளே கறுப்பு நூல்கள், டார்ச் வெளிச்சத்துப் பிள்ளைக் கைதான், ஆனால் நூலெல்லாம் முறுக்கிப் புடைத்து, வழியெங்கும் ரத்தம் தெறித்துக் கிடந்தது. கண்ணுல இருந்து ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கு, பின்னாடி தேங்கின ரத்தமும் நீரும் கசிஞ்சு, பார்க்கிற நடு இடம் வீங்கியிருக்கு, கண்ணுக்குள்ள ஊசி போடணும், மாசத்துக்கு ஒண்ணு, இந்த வாரமே ஆரம்பிச்சாகணும், தள்ளிப்போட்டா போன பார்வை திரும்பாது. கண்ணுக்குள்ளயா டாக்டர். ஆமா சிஸ்டர். அது போனா வேற நரம்பு வழியா ரத்தம் போயிராதா, நாங்க அப்படித்தான் பாப்போம், இந்தக் கை இல்லன்னா அந்தக் கை, கை இல்லன்னா கால், காலும் இல்லன்னா தலை. இதுக்கு அப்படி இன்னொண்ணு கெடையாதும்மா, என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் போகவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளைக் குத்திய கை இது, எனக்கு ஒரு ஊசி என்றதும் பயம், கண் விழித்திருக்கும்போதே கண்ணுக்குள் ஊசி வருவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை, அந்தப் பயத்துக்கு நான் நல்ல துணி உடுத்திவிட்டேன், வார்டு புத்தியால் நெய்த துணி, ட்ரிப் வெளியே போய்ப் பிள்ளையின் கை பந்தாக வீங்கினால் நாங்கள் பதறுவதில்லை, மருந்துநீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைப்போம், இரண்டு நாளில் வற்றிவிடும், கண் வீக்கம் மட்டும் வற்றாதா என்ன, இரண்டு தலையணை வைத்துப் படுத்தேன், ஈரத்துணியைக் கண்மேல் போட்டேன், என்ன புதுசா ரெண்டு தலவாணி, என்று தங்கப்பழம் கேட்டார், என் வீட்டுக்காரர், கழுத்து வலி என்றேன், கண் டாக்டர் என்ன சொன்னாரு, பவரு கூடியிருக்காம், வேற ஒண்ணுமில்ல. தை பிறந்தபோது கொஞ்சம் தெளிந்தது, சத்தியமாகத் தெளிந்தது, சன்னலுக்கு வெளியே வேப்பங்கிளையை வலக்கண்ணாலேயே பார்த்துவிட்டு, பர்வீனை ஜெயித்த மாதிரி குதித்தேன், அவர் எழுதிக்கொடுத்திருந்த பிரஷர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டேன், அடி முட்டாளே, அடி முட்டாளே. மாசியில் சன்னல் கம்பிகள் நடுவில் வளைந்தன, தினம் காலையில் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுவேன், ஏழு கம்பி, பிறகு ஐந்து, நடுவிலிருந்த கம்பிகளை ஏதோ தின்றுவிட்டது, ஒரு நாள் தங்கப்பழத்தைப் பார்த்தேன், காது இருக்கிறது, நரைத்த முடி இருக்கிறது, தோளில் துண்டு இருக்கிறது, முகம் இருந்த இடத்தில் சாம்பல், அவர் சாம்பலுக்குள்ளிருந்து பேசுகிறார், என்னடி வெறிச்சுப் பாக்கே, ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல, இப்போதாவது சொல்லியிருக்கலாம், தொண்டை வரைக்கும் வந்தது, இந்த வாரமே ஆரம்பிக்கணும் என்றாரே டாக்டர், எத்தனை வாரம் போயிற்று என்று இவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று விழுங்கிவிட்டேன்.

பங்குனியில் கண் அழத் தொடங்கியது. வெள்ளை முழி சிவந்தது, புருவத்துக்கு மேலே யாரோ சுத்தியலால் தட்டுகிறார்கள், ட்யூப்லைட்டைச் சுற்றி வானவில் மாதிரி வளையம், வாந்தி, ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருகிறேன், ஜெபக்கனி வாசலில் நிற்கிறாள், எக்கா, எட்டு நாள் பிள்ளை, பால் குடிக்கல, நாலு பேரு பாத்தாச்சு, நான் போகிறேன், டார்ச்சை வைக்கிறேன், இரண்டு நூல், வலக்கண்ணை மூடிக்கொள்கிறேன், ஒரு நூல் ஆகிறது, ஆனால் அது தோலுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் என்று ஒற்றைக் கண்ணுக்குத் தெரியவில்லை, குத்துகிறேன், நரம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டது, நீலம் படர்கிறது, மற்ற கை, அதுவும், கால், அதுவும், பிள்ளையின் அழுகை தேய்ந்து பூனைக்குட்டிச் சத்தமாகிறது, தாய்க்காரி என் முகத்தையே பார்க்கிறாள், இந்தம்மா குத்துனா ஒரே குத்துன்னு சொன்னாகளே, ஏன் சிஸ்டர், ஏன் இப்படிப் போட்டுக் குத்துதிய, நான்காவது ஊசியை எடுக்கப்போன என் மணிக்கட்டை ஜெபக்கனி பிடித்துக்கொண்டாள், விடுங்கக்கா, விடுங்க, தலையில் ஓரத்து முடியை மழித்து, விரலால் தடவி, அவளே நரம்பைப் பிடித்தாள், ட்ரிப் இறங்கியது, பிள்ளை பிழைத்தது, இரண்டு கையும் ஒரு காலும் நீலமாகக் கிடந்தன, என் வேலை. எக்கா, இங்க பாருங்க, ஒங்க கண்ணு ஏன் இப்படி ரத்தமா இருக்கு, என்று அவள் கேட்டபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கே அவள் என்னை பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள், போகிற வழியெல்லாம் வலக்கண்ணில் மிச்சமிருந்ததும் மங்கிக்கொண்டே போனது.

பர்வீன் வலக்கண்ணுக்கு நேரே வெளிச்சத்தைப் பிடிக்கிறார், தெரியுதா சிஸ்டர், லைட்ட எப்ப போடுவீங்க டாக்டர், போட்டுட்டுத்தான் கேக்கறேன். ரத்தம் கெடைக்காம கண்ணு தவிச்சு, தானா புதுக்குழாயா வளத்துப் பாத்திருக்கு, ஒண்ணும் உருப்படியா இல்ல, அதுங்க கண்ணுக்குள்ள இருக்கிற நீர் வெளிய வடியற வழிய மூடிருச்சு, அழுத்தம் ஏறிப் பார்க்கிற நரம்பையே கொன்னுருச்சு. இன்னொரு நரம்பு இருக்கும் என்று என்னைப் போலவே என் கண்ணும் நம்பியிருக்கிறது, பாவம். இப்ப ஊசி போடறேன், அழுத்தத்துக்கும் மருந்து தரேன். போட்டா தெரியுமா டாக்டர். அவர் கையுறையை மாட்டிக்கொண்டார், இது வலி கொறையறதுக்கும்மா, பார்வைக்கு இல்ல, இடக்கண்ணையாவது காப்பாத்தணும், பிரஷர் மாத்திரைய ஒரு நாள் விடாதீங்க.

படுத்திருக்கிறேன், மேலே பெரிய விளக்கு, மூடிய இடக்கண்ணின் இமை விளக்கு வெளிச்சத்தில் முழுக்கச் சிவந்து எரிகிறது, அதே சிவப்பு, டார்ச்சுக்கு மேலே வைத்த பிள்ளைக் கையாக இப்போது நான் கிடக்கிறேன், வலக்கண்ணில் சிவப்பும் இல்லை நூலும் இல்லை, அதைக் கம்பியால் விரித்து வைத்திருக்கிறார்கள், விரித்த கண்ணில் ஊசி வருவது தெரியவில்லை, ஜெபக்கனி என் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொள்கிறாள், ஒண்ணுமில்லக்கா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுதான், பொய், இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்ன பொய், எனக்கே சொல்கிறாள் என்று பல்லைக் கடிக்கிறேன், முடிஞ்சுது சிஸ்டர் என்கிறார் பர்வீன், முடிந்துவிட்டதா, இவ்வளவுதானா, இதற்கா, மார்கழியிலிருந்து இதற்காகவா, நான் வாய்விட்டு அழுகிறேன், வலிக்குதாக்கா என்று ஜெபக்கனி பதறுகிறாள், இல்லடி, வலிக்கல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு.