எட்டு மாதத்துச் சரிக்குறிகள்

அதிகாரி பழைய முகாம் பதிவேட்டைத் தையல்காரியின் பக்கமாகத் திருப்பி வைத்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மகனின் பெயருக்கு நேரே காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று எனச் சரிக்குறிகள். ஒரு நாள் விடாமல் எட்டு மாதம். படிக்கிற காலத்தில்கூட அந்தப் பயல் இத்தனை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை. பதின்மூன்று வருடம் கழித்து அவன் பெயரை அரசாங்கத் தாளில் பார்க்கிறாள். இதற்காகத்தானே இத்தனை வருடம் மனுவுக்கு மேல் மனு எழுதினாள். தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"இது உங்க மகன் பேர்தானேம்மா?"

"ஆமாங்க ஐயா."

"மூணாவது வரிசை, நாப்பத்தோராவது கூடாரம். அதுவும் சரிதானே?"

"சரிதான்."

அதிகாரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மகன் இருந்தால் அவனுக்கும் அந்த வயதுதான். போரில் தொலைந்தவர்களுக்கு நாடு பதில் சொல்லும் என்று சொல்லி இந்தத் தேடுதல் அலுவலகத்தைத் திறந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. சுவரில் பெயின்ட் இன்னும் மங்கவில்லை. மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு, உட்காருங்கம்மா என்று சொன்ன முதல் அரசாங்க ஆள் இவர்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. போர் முடிஞ்ச அன்னைக்குப் பாலத்துக்கிட்ட மகனை ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சேன், பஸ்ல ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. ஆனா அதுக்கப்புறம் எட்டு மாசம் உங்ககூட முகாம்ல இருந்திருக்காரே."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு அடங்கியது.

அந்த முகாமில் தினம் இரண்டு வேளை தலை எண்ணுவார்கள். கணக்கெடுக்கிறவர் கூடார வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். தொடர்ந்து மூன்று நாள் ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார். தையல்காரி யோசித்தாள். விசாரித்து முடித்து மகனை விட்டால், எந்த முகாமுக்கு அனுப்புவது என்று பட்டியலைத்தானே பார்ப்பார்கள்? பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை எங்கே வந்து சேருவான்? குழாயடிக்குப் போயிருக்கான் என்றாள். வயித்துவலி, கக்கூஸ்ல இருக்கான் என்றாள். காய்ச்சல்ல தூங்குறான் என்றபோது, ஆறு வயது மகள் துணி மூட்டைக்குப் போர்வை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தாள். கணக்கெடுக்கிறவர் உள்ளே எட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. பார்த்தாலும் அவருக்கு எண்ணிக்கை சரியாக வந்தால் போதும். இப்படியே எட்டு மாதம் அவர் கண்ணில் மண்ணைத் தூவினாள். முகாமைக் கலைத்த அன்றைக்கும் மகன் பட்டியலில் உயிரோடு இருந்தான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவள் பெருமைப்படாத நாள் இல்லை.

"அவன் முகாமுக்கு வரவே இல்லைங்க ஐயா. நான்தான் பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்க மகன் பங்குக்கு முகாம்ல குடுத்த சாமானெல்லாம்?"

"வாங்கினேன். மாவைக் குடுத்துப் பொண்ணுக்குப் பால் பவுடர் மாத்திக்கிட்டேன்."

"பஸ்ல ஏத்தினதை வேற யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "ராணுவத்துல, அன்னைக்கு யாரையும் பொறுப்பெடுக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அரசாங்கத்துக்கிட்ட உங்க மகனைப் பத்தி இருக்கிற ஒரே எழுத்து இந்தப் பதிவேடுதான். இதுல அவர் நல்லாத்தான் இருக்கார். இது நிஜம்னா அவர் அப்புறம் தானா எங்கேயோ போயிட்டார்னு ஆகும். இது பொய்னு நீங்க எழுதிக் குடுத்தா, பாலத்துல நடந்ததா சொல்றதும் பொய் சொன்னவங்க வாய்வார்த்தைன்னு ஒதுக்கிடுவாங்க. எதை எழுதினாலும் ஃபைலை மூடிடுவாங்கம்மா."

"நீங்க நம்புறீங்களா ஐயா?"

அவர் படிவத்தைப் பார்த்தார். "நான் நம்புறதை எழுத இதுல இடம் இல்லம்மா."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கலாம். அவரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அன்று பாலத்தில், போராளிகளுக்கு ஒரு வாரம் பள்ளம் தோண்டிக் கொடுத்தவர்கள்கூட ராணுவத்திடம் பெயரைப் பதிந்துவிட்டு வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்ன குரலும் இப்படித்தான் மரியாதையாக இருந்தது. ஒளிஞ்சாத்தான்டா சந்தேகம், போயிட்டு வந்துடு என்று அவனை முதுகில் கைவைத்து அனுப்பியவள் அவள்தான். அரசாங்கத்தை நம்பி ஒரு முறை, ஏமாற்றி ஒரு முறை, இரண்டு முறையும் தன் பிள்ளையைத் தானே தொலைத்திருக்கிறாள்.

"பொய் சொன்னேன்னே எழுதுங்க. அவன் தானாப் போனான்னு என் கையால எழுத மாட்டேன்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நடைவழியில் பதினைந்து நாற்காலிகளிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வந்தபோது பாதிக்கு மேல் காலியாக இருந்தவை. எல்லாம் முகாமின் மூன்றாவது வரிசைக்காரிகள். முதல் நாற்காலியில் இருந்தவள் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நல்லா இருக்கியா? நீ மட்டும் அன்னைக்கு அந்த வழியைச் சொல்லிக் குடுக்கலன்னா எம் புள்ள பேரை முதல் வாரமே வெட்டியிருப்பாங்க. நம்ம வரிசையில ஒரு பேரைக்கூட விடலயே நாம." மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பால் மகனின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பதிவேடு உள்ள இருக்காமே. அதுல பேர் இருந்தாப் போதும், வேலை முடிஞ்சுதுங்கிறாங்க. நிஜமாக்கா?"

தையல்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் பியூன் கதவைப் பாதி திறந்து ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டான். அவள் கையை விட்டுவிட்டு அந்தப் பெண் அவசரமாக எழுந்து, தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனாள். மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.