கிழக்குக் கரை

எங்கள் பக்கத்தில் பெயர் கேட்பவன் பெயரோடு விட மாட்டான். "முழுப் பேரைச் சொல்லு" என்பான். சாதி தெரிந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அதற்குப் பயந்தே பிகாரில் பாதிப் பேர் குமார், மீதிப் பேர் குமாரி. நானும் வெறும் பபிதா குமாரி.

முசாபர்பூரில் ஒரு தனியார் கல்லூரி. வேதியியல் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். வராந்தாவில் என் பக்கத்தில் என் வகுப்புத் தோழன் மிதிலேஷ் பாஸ்வான் உட்கார்ந்திருந்தான். தங்கப் பதக்கம் வாங்கியவன். நான் சான்றிதழ் உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"ஏன் இப்படிப் பயப்படுற? உள்ள என்ன புலியா இருக்கு?"

"புலின்னா பரவாயில்லடா. அது சாதி கேட்டுட்டுக் கடிக்காது."

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. என் பேரே சொல்லிடும், தலித்னு" என்று சிரித்தபடி உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். சிரிப்பைக் காணோம்.

"வேதியியல்ல ஒரு கேள்விகூடக் கேக்கல" என்றான். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கல்லூரிச் செயலாளர் சிங் சாகிப், டீயை உறிஞ்சிக்கொண்டு.

"பபிதா குமாரி. அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

"அப்பா?"

"ராமாஸ்ரே பிரசாத்."

பிரசாத் என்பதிலிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எந்த ஊரு?"

"பேல்வா."

"அட, எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊராச்சே! அதுல எந்த டோலா?"

எங்கள் ஊரில் டோலா என்றால் தெரு, தெரு என்றால் சாதி. பாபு டோலா மேல்சாதிக்கு. நான் தெற்கு டோலா. அதைச் சொன்னால் மிதிலேஷ் போன வழியே நானும் போக வேண்டியதுதான். யோசிக்கக்கூட இல்லை, பயத்தில் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"பாபு டோலா."

அவர் முகம் மலர்ந்தது. "நம்ம பொண்ணுதானா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? யார் வீட்டுப் பக்கம்?"

"ரகுவன்ஷ் பாபு வீட்டுக்குப் பக்கத்துல."

என் அம்மா நெல் புடைக்கப் போகும் வீடு அது.

"வாசல்ல வேப்பமரம் இன்னும் இருக்கா?"

அந்த வாசலை நான் எங்கே பார்த்தேன்? எங்களுக்குப் பின்கட்டு மட்டும்தான்.

"இருக்கு சார்" என்றேன், குத்துமதிப்பாக.

அவர் தலையாட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல குடும்பம். எழுதிக்குங்க" என்றார். எனக்கும் வேதியியலில் ஒரு கேள்வி வரவில்லை. விடிய விடியப் படித்ததெல்லாம் வீண். வேலை மட்டும் கிடைத்துவிட்டது.

எழுந்தபோது கூப்பிட்டார்.

"சத் பூஜைக்கு அக்கா வீட்டுக்கு வர்றேன் மகளே. கிழக்குக் கரைப் படித்துறையில உங்க அப்பாவைப் பார்க்கறேன்."

ஊரே குளத்தில் இறங்கிச் சூரியனைக் கும்பிடும் பூஜை அது. கிழக்குக் கரையில் பாபு டோலாக்காரர்கள் நிற்பார்கள். படி இல்லாத தெற்குக் கரையில், சேற்றில், நாங்கள். ஒரே குளம். இந்தக் கரையில் நிற்பவர் முகம் அந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும்.

மிதிலேஷ் வாசலில் காத்திருந்தான். "என்ன ஆச்சு?" என்றான். தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டிப் போனேன். தெருமுனையில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பாபுஜி, வேலை கிடைச்சிடுச்சு."

"அடி என் ராசாத்தி! அம்மா இந்த சத் விரதத்தையே உனக்காகத்தான் நேர்ந்துக்கிட்டா. பூஜைக் கூடையை நானே தலையில தூக்கிட்டுக் குளத்துக்குப் போறேன்."

"வேண்டாம் பாபுஜி. இந்த வருஷம் குளத்துப் பக்கம் போகாதீங்க. ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்க."

ஏன் என்று சொன்னேன். சிங் சாகிப் ஊரில் ஒரே ஒரு ஆளிடம் விசாரித்தால் போதும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கெஞ்சினேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை வருஷத்துக்கும்மா?"