அம்மாவின் அளவு நோட்டு

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான் அவள் கணவன். நேற்றுக் காலை அம்மா தையல் மெஷின்மேலேயே சாய்ந்து இறந்துபோனதிலிருந்து ஓடியாடி வேலை பார்த்தது அவன்தான். "மாப்பிள்ளை சொக்கத் தங்கம்" என்று சித்தி பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். அவளும் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

"அஞ்சு மணிக்குக் கிளம்பணும். துணிய எடுத்து வை" என்றான். குரல் மென்மையாகத்தான் இருந்தது. ஆட்கள் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

தையல் அறைக்குள் போனாள். அம்மாவிடம் பன்னிரண்டு வருஷமாகக் காஜா எடுக்கும் அக்கா, கதவைச் சாத்திவிட்டு அளவு நோட்டை நீட்டினாள்.

"உன் பக்கத்தப் பாரு."

அம்மாவின் கோணல் எழுத்து. கல்யாணத்துக்கு முன்பு, ரவிக்கைக் கை ஆறு அங்குலம். முதல் வருஷம் பத்து. அடுத்த வருஷம் பதினாலு. போன மாதம் முழுக்கை. "இப்ப இதுதாம்மா ஃபேஷன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அம்மாவும் டேப்பைப் பிடித்தபடி சரி என்றாள். அளவெடுக்கிறவளிடமே மறைக்கப் பார்த்திருக்கிறாள், பைத்தியக்காரி.

முழுக்கைக்குக் கீழே ஒரு போன் நம்பர்.

"அடிபடுற பொம்பளைங்களுக்கு உதவி பண்ற எடம். என் போன்லேருந்து அம்மா மூணு தடவ பேசினாங்க. தங்க எடம் குடுப்பாங்களாம், வக்கீலும் பாத்துக் குடுப்பாங்களாம். ஆனா நீயே பேசணுமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நேர்ல சொல்லணும்னு இருந்தாங்க. ஞாயித்துக்கிழம வர்றேன்னு சொன்னியே."

ஞாயிற்றுக்கிழமை கன்னம் வீங்கியிருந்தது. அதை மறைக்க எந்தக் கையும் போதாது. அதனால் வரவில்லை. இரண்டு நாளாக வராத அழுகை இப்போது வந்தது.

அக்கா தன் போனை அவள் கையில் திணித்தாள்.

"அவருக்குக் கேக்கும்க்கா."

"கேக்காது." அக்கா மெஷின் முன் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். தடதடவென்று அறையே அதிர்ந்தது.

"இழவு வீட்டுல என்னடி தையல்?" வெளியிலிருந்து சித்தி கத்தினாள்.

"அம்மா பாதியில விட்ட வேல. முடிச்சிர்றேன்."

மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

"சொல்லுங்கம்மா. இப்ப பேச வசதியா இருக்கா?" ஒரு பெண் குரல்.

கதவு தட்டப்பட்டது. "இன்னும் என்ன பண்ற?" கணவனின் குரல்.

அக்கா நிமிரவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள்.

"இருக்குங்க" என்றாள் அவள்.

நூல் கோக்காத ஊசி, துணியில்லாத தட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.