அறுபத்து நாலாம் பக்கத்திலிருந்து

சிறைச்சாலை வாசல் மேசையில் இருந்த அதிகாரி புத்தகத்தின் அட்டையைப் புரட்டியதுமே கமலாசனி டீச்சர் பிழையைக் கண்டுவிட்டார். அட்டையில் ஒரு குறையும் இல்லை. 'கோயில் பலகையில் மூன்று வட்டங்கள்' என்ற தலைப்பும், அடியில் 'வட்டம் பதிப்பகம், அக்குறணை' என்ற பொடி எழுத்தும் அவர் பார்த்துத் திருத்தியபடியே இருந்தன. ஆனால் அட்டைக்கு அடுத்ததாக வந்தது முதலாம் பக்கம் அல்ல, அறுபத்து நாலாம் பக்கம். அதில் கட்டைத் தலைமயிர்ச் சிறுமி ஒருத்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு துள்ளினாள். அவளுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. பலகையில் ஒரு நேர்கோட்டின்மேல் ஒன்றையொன்று தொட்டபடி மூன்று வட்டங்கள், அவற்றில் ஆகச் சின்னதற்குள் மட்டும் '4' என்று ஓர் எண். கடைசியில் வரவேண்டிய விடை, அழையா விருந்தாளியாக வாசலிலேயே வந்து குந்தியிருந்தது.

"மேக்க மொகத்த, டீச்சர்?" என்றார் அதிகாரி.

இது என்ன என்று கேட்டால் என்னவென்று சொல்வது? பிள்ளைகளுக்கான கணக்குச் சித்திரக்கதை, ஜப்பானில் இருந்து வந்தது என்று டீச்சர் தமது ஓட்டைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். முதலில் கடமைக்குப் பார்த்தவர், போகப்போக மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். துள்ளுகிற சிறுமி, யோசிக்கிற சிறுமி, அழிக்கிற சிறுமி, தலையில் கைவைத்த சிறுமி, கடைசியில் மழைக்கு ஒதுங்கியவளாகக் கோயில் விறாந்தையில் நின்று, ஒன்றும் விளங்காமல் பலகையை அண்ணாந்து பார்க்கிற சிறுமி. புத்தகத்தை மூடிவிட்டு அவர் சிங்களத்தில் கேட்டார்: "ஐயோ பாவம், கடைசியில் இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறதா?"

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பிழையாகக் கட்டிவிட்டார்கள், திருப்பித் தாருங்கள், சரியானதைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் ஒரே ஒரு புத்தகம் உள்ளே அனுப்பலாம் என்ற அனுமதிக்காக அவர் எத்தனை படி ஏறி இறங்கியிருந்தார்! அந்த அனுமதித் துண்டு இன்றைக்கு மட்டும்தான் செல்லும். அதிகாரி முத்திரையை எடுத்தார். டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

அது புத்தரின் பல் வைத்திருக்கிற கோயிலான தலதா மாளிகையின் வாசலில் குண்டு வெடித்த வருஷம். கண்டி நகரத்தில் தமிழ் பேசிக்கொண்டு நடப்பதற்கே ஆட்கள் குரலைத் தாழ்த்திய காலம். பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்ட அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த பெடியன்கள் பலரை விசாரிக்கவென்று ஏற்றிப் போனார்கள். சிலர் திரும்பினார்கள். டீச்சரின் ஒரே மகன் குகதாசன் திரும்பவில்லை. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை பார்க்க விட்டார்கள். அவன் வருவான், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நிற்பான், தன் கால்விரல்களைப் பார்ப்பான். டீச்சர் ஊர்ப் புதினம் எல்லாம் சொல்வார். அவன் 'ம்' என்பான். சிலவேளை அதுவும் இல்லை. உள்ளே என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள், ஒன்றும் சொல்லமாட்டான். மணி அடித்ததும் போய்விடுவான். தன் பிள்ளை அங்கே நிற்கிறானா, அல்லது அவனுடைய சட்டை மட்டும் நிற்கிறதா என்றே டீச்சருக்குச் சந்தேகமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கைரியா வந்து சேர்ந்தார். அக்குறணை அச்சக முதலாளி நளீரின் அக்கா அவர். கணவர் ஷிராஸுக்குப் பழைய ஜப்பான் வாகனங்களை இறக்கி விற்கிற வியாபாரம். அவரோடு நெடுங்காலம் ஜப்பானில் இருந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டியே அந்த மொழியைப் பிடித்துக்கொண்ட மனுசி. ஊர் திரும்பிய பிறகு, பிலிமத்தலாவையில் கணவர் போட்டிருந்த வாகன விற்பனை நிலையத்துக்குப் போய், வந்திறங்கும் ஒவ்வொரு வேனின் சீட்டுக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவுவது அவருக்கு ஒரு விசர். குடை வரும், ஒற்றைச் சப்பாத்து வரும், யாரோ பாதியில் விட்ட கதைப்புத்தகம் வரும். அப்படிக் கிடைத்த கதைகளில் இரண்டைத் தமிழாக்கி, தம்பியின் தலையைத் தின்று அச்சடிக்கவும் வைத்தார். இரண்டும் அச்சகத்தின் மாடியில் இன்னும் அழகாக அடுக்கியிருந்தன. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இந்தச் சித்திரக்கதை. கைரியா அதைத் தூக்கிக்கொண்டு தன் மகளின் கணித டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், எனக்கு இத வாசிக்கத் தெரீது, ஆனா வெளங்குதில்ல. இந்தப் புள்ள என்னத்தச் செஞ்சி இந்த வட்டத்த அளக்கிற?"

டீச்சர் பார்த்தார். ஒரு நேர்கோடு. அதன்மேல் ஒன்றையொன்று தொட்டபடி இரண்டு வட்டங்கள். பெரியதன் ஆரை முப்பத்தாறு, மற்றதன் ஆரை ஒன்பது. இரண்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில், மூன்றையும் தொட்டுக்கொண்டு ஒரு குட்டி வட்டம். அதன் ஆரை என்ன? ஜப்பானில் முற்காலத்தில் ஆட்கள் இப்படிக் கணக்குகளைப் பலகையில் வரைந்து கோயிலில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்களாம், நாங்கள் நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் உடைப்பதைப்போல. 'சாமிக்குக் கணக்குப் படைக்கிற சனமும் உலகத்தில் இருக்கிறதா!' என்று டீச்சர் வாயில் கைவைத்தார். மகன் பிடிபட்ட நாளிலிருந்து ஒரு விஷயத்தைப் பற்றி 'இதற்கு அடுத்தது என்ன?' என்று அவர் ஆவலாகக் கேட்டது அன்றைக்குத்தான். பக்கம் பக்கமாக உட்கார்ந்து, கைரியா மொழியைச் சொல்ல, டீச்சர் கணக்கைச் சொல்ல, புத்தகம் தமிழில் வளர்ந்தது. ஜப்பான் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டபோது, 'தாராளமாகப் போடுங்கள், எங்களுக்கு இரண்டு பிரதி அனுப்பினால் போதும்' என்று பதில் வந்தது.

குகதாசனுக்கு இதைக் கொடுக்கவேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் அவன் புதுக் கணக்குப் புத்தகம் வாங்கினால் முதல் வேலையாகப் பின்னாலுள்ள விடைப் பக்கங்களைக் கத்தரித்து அம்மாவிடம் கொடுத்து, "ஒளிச்சு வையுங்கோ" என்பான். வகுப்பில் யாராவது விடையைச் சொல்ல வாயெடுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவான். விடை தெரிந்த கணக்கு அவனுக்கு ஆறிப்போன தேத்தண்ணி, பிறகு தொடவே மாட்டான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, ஆண்டவனே, விடையை முதல் பக்கத்தில் வைத்து அனுப்பியாகிவிட்டது.

சிறை வாசலிலிருந்து நேரே பஸ் பிடித்து அக்குறணைக்குப் போனார் டீச்சர். அச்சகத்துக் கதிரையில் தொப்பென்று இருந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். நளீர் ஒரு பிரதியை இழுத்துத் திறந்து பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் அறுபத்து நாலில் தொடங்கின.

"ஹபீல்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஹபீல் புத்தகம் கட்டுகிறவர். மத்ரஸாக்களுக்கு அரபுக் கிதாபுகள் கட்டிக் கட்டியே கை பழகியவர். ஜப்பான்காரரும் அரபிக்காரரைப்போல வலப்பக்கத்தில் கட்டித்தான் வாசிப்பார்கள். முதன்முதல் கதைத்தபோது நளீர் அதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தார். பிறகு, தமிழ்ப் பிள்ளைகள் திண்டாடும் என்று யோசித்து, படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாகத் திருப்பி அச்சடித்து, இடப்பக்கத்தில் கட்டுவதென்று மூவரும் முடிவை மாற்றினார்கள். மாற்றியதை ஹபீலிடம் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் தாள்களை அடுக்கி வலப்பக்கத்தில் தைத்தார். தமிழ் முறைப்படி அடித்து வந்த அட்டையை அதற்கு மேலே ஒட்டினார். பசை காய்வதற்குள் அடுத்ததை எடுக்கிற அவசரத்தில் உள்ளே யார் பார்த்தது?

"நாநா, நீங்கதானே கிதாபு மாதிரிண்டு சென்ன?" என்றார் ஹபீல்.

"பொறகு மாத்தினதுதானே!"

"எனக்கு ஆரு சென்ன?"

நளீர் எஞ்சிய பிரதிகளையும் இழுத்துத் திறக்கத் தொடங்கினார். கைரியா மட்டும் ஒரு பிரதியை எடுத்து, தலையைச் சரித்துக்கொண்டு, அட்டையிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு ஊறியது. "கொஞ்சம் இரிங்க டீச்சர். இப்பிடிப் பாத்தா இது வேற ஒரு கதையா ஈக்கிது. இந்தப் புள்ள தனக்குத் தெரிஞ்ச ஒவ்வொண்டையும் எறக்கி வெச்சிட்டு வெறுங்கையோட போற மாதிரி."

"உங்களுக்கு விளையாட்டாயிருக்குது" என்றார் டீச்சர். "விடையைக் கண்டவுடனை மூடி எறிஞ்சிருப்பான். அவன்ரை வாயிலை இருந்து ஒரு சொல்லு வராதோ எண்டுதானே நான் இவ்வளவு காலமும் இதோடை கிடந்தனான். இருந்த ஒரே வழியும் போச்சு, கைரியா."

கைரியா புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். நளீர் சீனி கூடப் போட்ட பிளேன்டீ ஒன்று வருவித்தார். ஹபீல் அன்றைக்கே கத்தியைத் தீட்டிக்கொண்டு இருந்து, தைத்த நூல்களை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினார்.

அடுத்த சந்திப்பு வரும்வரை டீச்சர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வகுப்பில் கரும்பலகையில் விடையை எழுதப்போனால் கை நின்றது. என்ன மாதிரிப் பார்த்திருப்பான்? ஒரு பக்கமாவது புரட்டியிருப்பானா? உள்ளே யாராவது பறித்துச் சுருட்டுச் சுற்றியிருப்பார்களோ?

சந்திக்கிற இடம் ஒரு நீட்டு அறை. நடுவே இரண்டு கம்பிவலைகள், கொசுவலையைப்போல நெருக்கமானவை. இடையில் காவலர் நடப்பதற்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. இந்தப் பக்கம் தாய்மார், அந்தப் பக்கம் பிள்ளைகள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வலைகளில் துடைக்க ஆளில்லாத தூசி தடித்துப் படிந்திருந்தது. குகதாசன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. டீச்சர் வழமைபோல இன்ன ஆட்கள் சுகம் கேட்டார்கள் என்று தொடங்க வாயெடுத்தார்.

"அம்மா, அந்தப் புத்தகத்தைப் பிழையாக் கட்டியிருக்கினம்."

முழு வசனம்! தலைநிமிர்ந்து, அவரைப் பார்த்துச் சொன்ன வசனம். டீச்சர் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் ராசா, தெரியும். விடை முன்னுக்கு வந்திட்டுது. நான் பாக்காமல் விட்டிட்டன்…"

"விடையோ?" அவன் நெற்றியைச் சுருக்கினான். "நான் அதுதான் கேள்வி எண்டு நினைச்சன். சின்ன வட்டம் நாலு. அப்ப பெரிசு ரெண்டும் என்ன? அந்த ஒரு பக்கத்தைப் பாத்திட்டு மூடி வைச்சனான். மற்றப் பக்கங்கள் இன்னும் திறக்கேல்லை."

"இவ்வளவு நாளுமோ?"

"பேப்பர் இல்லைத்தானே. மனசுக்கை செய்யிறதெண்டா சுணங்கும்." அவன் வலைக்குக் கிட்ட வந்தான். கண்களில் அந்தப் பழைய அவசரம் தெரிந்தது. "படத்தின்ரை அளவை நம்பாமல் முழு எண்ணாப் பாத்தா ரெண்டு சோடி வருது அம்மா. ஒண்டு முப்பத்தாறும் ஒன்பதும். மற்றது பதினாறும் பதினாறும், ரெண்டும் ஒரே அளவு. இந்தா, இப்பிடி." தூசி படிந்த வலையில் விரலால் ஒரு வட்டம் போட்டான். பக்கத்தில் அதைத் தொட்டுக்கொண்டு அதே அளவில் இன்னொன்று. அடியில் ஒரு கோடு.

பதினாறும் பதினாறும். மாதக்கணக்காகத் திருத்தித் திருத்திப் பார்த்த கணக்கில், இப்படி ஒரு சோடி இருக்குமென்று டீச்சர் கனவிலும் நினைக்கவில்லை. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சரிதான். வருகிறது. ஆசையும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"புத்தகத்திலை இருக்கிறது எது தெரியுமோ ராசா? அது வந்து…"

"சொல்லாதேங்கோ!"

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடைவெளியில் நடந்துகொண்டிருந்த காவலர்கூட ஒருகணம் நின்றார். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணீர் அதன்பாட்டில் வழிந்தது.

"வேறை சோடி இல்லை எண்டு நிறுவ வேணும்" என்றான், கையை மெல்ல எடுத்துக்கொண்டே. "நிறுவினாப் பிறகுதான் மற்றப் பக்கம் திறப்பன்."

மணி அடித்தது. போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கத்து வலையில் அவன் போட்ட இரண்டு வட்டங்களும் வெளிச்சமாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே சின்னதைப் போட அவனுக்கு நேரம் போதவில்லை.

எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். கமலாசனி டீச்சர் சுட்டுவிரலை நீட்டி, தம் பக்கத்து வலையின் தூசியில் ஒரு குட்டி வட்டம் போட்டார். அது எங்கோ விலகி நின்றது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தார். போதவில்லை. முழங்காலை மடக்கி இன்னும் கொஞ்சம் பதிந்தார். "நோனா, யமு, யமு" என்று வாசலிலிருந்து காவலர் அவசரப்படுத்தினார். டீச்சர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய குட்டி வட்டம் மெதுவாக நகர்ந்து போய், அந்தப் பக்கத்து இரண்டு வட்டங்களுக்கும் கோட்டுக்கும் நடுவில், மூன்றையும் தொட்டுக்கொண்டு நின்றது.