கிழக்கு வீட்டு இலை

சுடலைமாடன் கோயில் பந்தலுக்கு முன்னால் அப்பா செருப்போடு தயங்கி நின்றார். கழற்றினால் கும்பிட வந்ததாக ஆகிவிடும். கழற்றாமல் உள்ளே போனால் சண்டைக்கு வந்ததாக ஆகிவிடும். அதனால் பந்தல்காலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நான் போகும் மாலை எழுத்து வகுப்பில், பார்த்ததையும் நினைத்ததையும் கலக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனவே பார்த்ததை முதலில் எழுதுகிறேன்.

அப்பா தேவசிகாமணி எங்கள் சபையின் உபதேசியார். குருவானவர் எப்போதாவது வரும் ஞாயிறு தவிர, ஜெபம், வேதபாடம், சாவு வீடு எல்லாம் அவர்தான். நாங்கள் இருப்பது சபை கொடுத்த வீடு. பக்கத்து வீட்டில் சரஸ்வதி பூஜைப் பொரி கொண்டு வந்தால்கூட, "படைச்சதை நாங்க திங்க மாட்டோம், தாயீ" என்று சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நாங்கள் பூட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்தவர்கள். அதற்கு முன்பு இந்தச் சுடலைதான் எங்களுக்கும். விட்டு வந்த பிறகும் ஒவ்வொரு கொடைத் திருவிழாவிலும் பங்காளிகளின் இலை வரிசையில் கிழக்கு வீட்டுக்கென்று ஓர் இலை போட்டு, சோறும் கறியும் படைக்கிறார்களாம். வாங்க ஆள் வராததால் அதை ஆற்றில் விட்டுவிடுகிறார்களாம். கிழக்கு வீடு என்பது நாங்கள்தான். "உபதேசியார் வீட்டுப் பங்கு பேய்க்கோயில்ல விழுது" என்று சபையில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். குருவானவர் கோபப்படவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முன்னால் ஒரு சாட்சியோடு போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நான் மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார். எழுதினால் உபதேசியார் வேலையும் போகும், வீடும் போகும். இந்தக் கொடை அன்று அப்பா என்னைச் சாட்சியாகக் கூட்டி வந்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் என்பதால் காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோயில் காரியம் பார்க்கும் சிவசண்முகம் எனக்குப் பெரியப்பா முறை. எங்களைப் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"வாரும், உபதேசியாரே. அங்கன என்னத்துக்கு நிக்கேரு? பந்தல் ஒம்ம தலையில விழுந்திராது, வே."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன், அண்ணாச்சி. எங்க வீட்டு எலைய இனிமே போடாதிய. நாங்க வாங்க மாட்டோம்."

"போடுதது நானா? எங்க அப்பன் போட்டான், நானும் போடுதேன். வேண்டாம்னு எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எலைக்கு முன்னால நின்னு அந்தச் சுடலைகிட்டச் சொல்லும். அதான் மொறை." பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "மைக்குல பேயி பிசாசுன்னு வெரட்டுதீரே. நேர்ல சொல்ல என்ன பயம்?"

அப்பா செருப்பைக் கழற்றினார்.

"ரீபா, நல்லாப் பாத்துக்கோ. பாத்ததை அப்படியே குருவானவர் ஐயாட்டச் சொல்லணும்."

கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்ற தோல்மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். தீயில் காய்ச்சிய தோலின் அந்தச் சத்தம் காதை விட்டுவிட்டு நேராக நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. வரிசையின் கடைசியில் இருந்தது எங்கள் இலை. அப்பா அதன் முன் நின்று, பிரசங்கத்துக்கு முன் செருமுவது போலச் செருமினார்.

"நான் கிழக்கு வீட்டு..."

அதற்கு மேல் வரவில்லை. சொல்ல வந்ததை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போதுதான் அவருடைய வலது குதிகால் தரையை அடிப்பதைப் பார்த்தேன். மகுடத்தோடு சேர்ந்து அடித்தது. கண்ணாடி கழன்று விழுந்தது. மேலெல்லாம் உதறியது. "அப்பா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

"எம் பிள்ளை பசியா நிக்கான்லே. அவன் எலைய ஆத்துல விட்டது எவன்லே?"

குரல் அப்பாவுடையதுதான். ஆனால் யாரையும் அவர் 'லே' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மகுடம் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு மடங்காக எழுந்தது. சற்றுமுன் கண்ணைச் சிமிட்டிய பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக அப்பாவின் காலில் கிடந்தார். "தப்புத்தான், சாமி. வாங்க ஆளு வரலியே, சாமி." யாரோ ஒருவர் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயில் குழைத்த மஞ்சணையை அப்பாவின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் அப்பினார். அப்பா குனிந்து, அந்தக் கையாலேயே இலைச்சோற்றை அள்ளித் தின்றார். பார்க்கச் சொன்னாரே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

ஆற்றுப் படித்துறையில் வைத்து நெற்றியைக் கழுவிவிட்டேன். நான் நீட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"என்ன சொன்னேன், ரீபா?"

கேட்டதை அப்படியே சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லலியா?"

"இல்லப்பா."

தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கப் போவது போலக் குனிந்தார். விரலை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அதுல உப்பே இல்ல" என்றார்.

படைப்புச் சோற்றில் உப்புப் போடுவதில்லை என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தான் சொன்ன வார்த்தை தெரியாத ஒருவருக்குத் தின்ற சோற்றின் ருசி எப்படித் தெரிந்தது? பட்டினி, வெயில், மகுடச் சத்தம் என்று மூன்று காரணங்களை எழுதிப் பார்த்தேன். மூன்றும் அவர் விழுந்ததற்குப் பொருந்துகின்றன. உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்குப் பொருந்தவில்லை. நினைத்தது என்று எழுத வேறு எதுவும் என்னிடம் இல்லை.

சனிக்கிழமை முழுவதும் அப்பா புளியும் சீயக்காயும் போட்டு, மஞ்சணை போகக் கையைத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் குருவானவர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"என்னம்மா சாட்சி, அப்பா சொல்லிட்டாரா?"

அப்பா பக்கத்தில்தான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது.

"எலைக்கு முன்னால போயி நின்னாரு, ஐயா."

"அப்பச் சரி" என்று குருவானவர் உள்ளே போனார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் உறுத்தியது. அப்பா என்னைப் பார்க்கவில்லை.

வேத வாசிப்பில் அவர் எங்கும் தடுமாறவில்லை. திருவிருந்துக்கு வழக்கம்போல அவர்தான் முதலில் போய் முழங்கால் போட்டார். அடுத்து நான். குருவானவர் அப்பத் தட்டோடு வந்தார். அப்பா வலது கையை இடது கையின் மேல் வைத்து ஏந்தினார். உபதேசியார் ஆகுமுன் நெடுநாள் மண்வெட்டி பிடித்த அந்த உள்ளங்கையில், தேய்த்ததில் மஞ்சணையெல்லாம் போயிருந்தது, ரேகைகளில் தவிர. அவை மட்டும் செக்கச் செவேலென்று ஓடின.

அப்பத்தோடு இறங்கிய குருவானவரின் விரல்கள் பாதியில் நின்றன. அப்பா கையை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.